உங்களுக்குத் தெரியுமா? – காட்டுப்பாக்கம் டர்னிங்

மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் தினம் போய்வருகிறவருக்கு ‘டர்ன்’ என்ற சொல்லுக்கு அகராதி வேண்டாம். நடுத்தடுப்பில் அடுத்த இடைவெளி எங்கே என்று தெரிந்தால் போதும். இந்த வாரம் அந்தச் சொல்லையும், அதைச் சுற்றித் திரியும் சேதிகளையும் பார்ப்போம்.

பிறந்தது லேத்தில்

‘டர்ன்’ சாலையில் பிறந்த சொல் இல்லை, பட்டறையில் பிறந்தது. தச்சர்கள் வட்டம் போட வைத்திருந்த கருவிக்கும், மரம் கடையும் பொறிக்கும் பண்டைய கிரேக்கர்கள் ‘டோர்னோஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். லத்தீன்காரர்கள் அதை வாங்கி ‘டோர்னாரே’ என்று வினைச்சொல்லாக்கினார்கள். லேத்தில் போட்டுக் கடைவது என்பதுதான் அதற்குப் பொருள். அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகுதான் தலையைத் திருப்புவது, பக்கத்தைப் புரட்டுவது, தெருமுனையில் திரும்புவது எல்லாம் ‘டர்ன்’ ஆயின.

அப்படிப் பார்த்தால், காட்டுப்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் அந்தச் சொல் இன்னும் சொந்த வீட்டில் வாழ்கிறது. ஐடிஐயில் ‘டர்னர்’ என்பது இரண்டு வருடப் படிப்பு. ‘டர்னிங் முடிஞ்சுதா, ஃபேசிங் போட்டியா’ என்று மேஸ்திரி கேட்கும்போது, இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பொருளில்தான் கேட்கிறார். இங்கிலாந்தில் ‘டர்னர்’ என்பது குடும்பப் பெயராகவே ஆகிவிட்டது. கடலையும் புயலையும் வரைந்து புகழ் பெற்ற ஓவியர் டர்னரின் முன்னோர் யாரோ ஒருவர் மரம் கடைந்திருப்பார் என்றுதான் அந்தப் பெயர் சொல்கிறது.

கீரையும் கட்டில் காலும்

இந்த வேலைக்கு நம்மிடம் இருக்கும் சொல் ‘கடைசல்’. மோர் கடைகிறோம், கீரை கடைகிறோம், கட்டில் காலையும் கடைகிறோம். சமையலறையையும் பட்டறையையும் ஒரே சொல்லில் அடக்கியது ஏன் என்று கேட்டால், பழைய லேத்தைப் பார்க்க வேண்டும். மோட்டார் வருவதற்கு முன் மரத்தைச் சுழற்றியது கயிறு. ஒருவர் கயிற்றை இரண்டு பக்கமும் மாறி மாறி இழுப்பார். மரம் ஒரு முறை இப்படியும் ஒரு முறை அப்படியும் சுழலும். உளி பிடித்தவர், மரம் தன்னை நோக்கிச் சுழலும்போது மட்டும் செதுக்கிவிட்டு, மறுபக்கம் போகும்போது கையைப் பின்னுக்கு எடுத்துக்கொள்வார். மத்தில் கயிறு சுற்றித் தயிர் கடைகிற அதே அசைவு! ஏறத்தாழ 2,300 வருடத்துக்கு முந்தைய எகிப்தியக் கல்லறை ஒன்றில் இப்படி இரண்டு பேர் சேர்ந்து கடையும் சிற்பம் இருக்கிறது.

ஆக, பொறியும் மத்தும் ஒரே தத்துவம் என்பதைத் தமிழ் எப்போதோ கண்டுகொண்டது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், ஊஞ்சல் பலகையின் கம்பி, தொட்டில் கட்டை எல்லாம் கடைசல் வேலைதான். இன்று சிஎன்சி மெஷினில் கடைகிறவர்கள் மட்டும் ஏனோ ‘கடைந்தேன்’ என்று சொல்வதில்லை. ‘ஜாப் ஓட்டினேன்’ என்கிறார்கள்.

ஆடிட்டர் வாயிலும் லேத்து

‘டர்ன்ஓவர்’ எவ்வளவு, ‘ரிட்டர்ன்’ போட்டாச்சா என்று ஆடிட்டர் கேட்கிறாரே, இரண்டிலும் உள்ளே உட்கார்ந்திருப்பது அதே லேத்துச் சொல்தான். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு டர்ன்ஓவர் 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவை செய்பவருக்கு அந்த எல்லை 20 லட்சம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய கம்பெனி கொடுக்கும் இரும்பை வாங்கிக் கடைந்து திருப்பிக் கொடுக்கும் லேத் பட்டறை, சட்டத்தின் கண்ணில் பொருள் செய்பவர் இல்லை. அடுத்தவர் பொருளில் வேலை பார்ப்பதால் அது ‘சேவை’. ஆகவே 20 லட்சக் கணக்குதான் பொருந்தும். கையெல்லாம் கிரீஸ் அப்பியிருக்கும் மனிதரை சலூன்காரர், டிராவல்ஸ்காரர் வரிசையில் சட்டம் உட்கார வைத்திருக்கிறது.

சொந்தக்காரர்கள்

‘டூர்’ போவது, அந்த லேத்துச் சொல்லிலிருந்து வந்ததுதான்: சுற்றி வருவது. ‘டோர்னமென்ட்’டும் அப்படியே, குதிரை வீரர்கள் குதிரையைத் திருப்பித் திருப்பி மோதிய விளையாட்டு. ‘பவர் ஆஃப் அட்டர்னி’யில் வரும் அட்டர்னி, ஒரு காரியத்துக்காக யார் பக்கம் திருப்பிவிடப்பட்டதோ அவர். தலையில் கட்டும் ‘டர்பன்’ மட்டும் சொந்தமில்லை. சுற்றிக் கட்டினாலும் அது பாரசீக வழியில் வந்த சொல்.

ஆவடி டாங்கி

இன்னொரு போலி உறவு ஆவடியில் இருக்கிறது. டாங்கியின் மேலே சுழலும் பீரங்கிக் கூண்டுக்கு ‘டரட்’ என்று பெயர். நன்றாகச் சுழல்கிறதே, ‘டர்ன்’ குடும்பம்தானே என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது கோபுரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ‘குட்டிக் கோபுரம்’ என்று பொருள்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது. முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. டாங்கிக்கு நம் காரில் இருப்பதுபோல் திரும்பும் முன்சக்கரம் கிடையாது. ஒரு பக்கச் சங்கிலிப் பட்டையின் வேகத்தைக் குறைத்தால் அந்தப் பக்கம் வண்டி திரும்பும். ஒரு பட்டை முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் ஓடும்படி அமைந்த டாங்கி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். குமணன்சாவடி சிக்னலில் காரை வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இதைப் படித்தால் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

‘யூ’வா, ‘ப’வா?

மேஜைகளை ‘ப’ வடிவில் போடு என்கிறோம். கட்டடம் ‘ட’ வடிவம் என்கிறோம். ஆனால் சாலையில் மட்டும் ‘ப டர்ன்’ என்று யாரும் சொல்லவில்லை. இத்தனைக்கும் நேராக மேலே போய், வலப்பக்கம் மடங்கி, கீழே இறங்கி வரும் அந்த அம்புக்குறிப் பலகையைப் பார்த்தால் தலைகீழ் ‘யூ’தான் தெரிகிறது. நம் ‘ப’வோ தலை கீழாகாமலே ‘யூ’ மாதிரி நிற்கிறது. பலகைக்கு இரண்டுமே பொருந்தவில்லை என்பதால் இந்த வழக்கைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

சட்டம் இன்னும் சுவையானது. 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறை, தடை செய்த இடத்தில் மட்டுமல்ல, போக்குவரத்து நெரிசல் மிகுந்த சாலையிலும் யூ டர்ன் எடுக்கக்கூடாது என்றது. காலை ஒன்பது மணிக்கு அதை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தியிருந்தால், காட்டுப்பாக்கத்தைத் தாண்டியவர் ஸ்ரீபெரும்புதூர் போய்த்தான் திரும்பியிருக்க வேண்டும். 2017இல் புது ஒழுங்குமுறை வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

கை, கால் சிக்னல்

அதே 1989 விதியில் ஓட்டுநர் கை காட்டும் முறையும் இருந்தது. வலப்பக்கம் திரும்ப வலக்கையை வெளியே நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்பவும் அதே வலக்கைதான், நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம், இடக்கையை நீட்டினால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆட்டோக்காரர்கள் இதற்கு மேலே ஒரு படி போனார்கள். இரண்டு கையும் ஹேண்டில் பாரில் இருக்க, காலை வெளியே நீட்டித் திரும்புவதைச் சொல்லும் வித்தை எந்த ஒழுங்குமுறையிலும் இல்லை. பின்னால் வருகிறவருக்கு மட்டும் நன்றாகப் புரியும்.

ஒடி, ஒடி, ஓல்டான்

லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் சொல்வதைக் கேளுங்கள். ‘திருப்பு’ என்று அவர் சொல்வதில்லை. ‘லெஃப்ட்ல ஒடி, ஃபுல்லா ஒடி, வா, வா, வா…’ என்பார். கடைசியில் ‘ஓல்டான்!’ ஆங்கிலத்தில் ‘கொஞ்சம் பொறு’ என்று பொருள்படும் ‘ஹோல்ட் ஆன்’தான் இந்தக் கோலத்தில் தமிழ்க் குடிமகனாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு ‘ஒடி’, சட்டென்று திருப்புவதற்கு ‘வெட்டு’, வந்த வழியே கொண்டுவருவதற்கு ‘மடக்கு’ என்று ஆளுக்கொரு சொல் இருக்கிறது. மாட்டுவண்டிக் காலத்து மடக்கு இன்றைக்கு பைக்குக்கும் வேலை செய்கிறது.

மாநகரப் பேருந்தில் ‘கட் சர்வீஸ்’ என்று பலகை இருந்தால், வண்டி கடைசி வரை போகாது, பாதியிலேயே திரும்பிவிடும் என்று பொருள். ‘ரிட்டர்ன் காலியா வரணும் சார்’ என்று ஆட்டோக்காரர் சொன்னால், அது பயணத்தைப் பற்றிய தகவல் அல்ல. கட்டணத்தைப் பற்றிய தகவல்.

எட்டு ஏன்?

டிஎன் 12 என்று நம்பர் பிளேட்டில் இருந்தால் அது பூந்தமல்லி ஆர்டிஓ. அங்கும் மற்ற ஊர்களிலும் பைக் லைசென்ஸுக்குப் போகிறவர் காலை ஊன்றாமல் ‘எட்டு’ போட வேண்டும். ஆறு, ஒன்பது எல்லாம் இருக்க எட்டு எதற்கு? எட்டில் ஒரு வளையம் இடப்பக்கமும் மறு வளையம் வலப்பக்கமும் போகும். நடுவில் கோடு வெட்டும் இடத்தில் வண்டியின் சாய்வை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியாக வேண்டும். வெறும் வட்டத்தில் அந்தச் சோதனை கிடையாது. வேகம் குறையக் குறையத்தான் பைக் தள்ளாடும். ஆகவே மெதுவாக எட்டு போடுகிறவர்தான் வண்டி தெரிந்தவர். வேகமாகப் போட்டுத் தப்பித்த நண்பர்களை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அதே எட்டைப் பூங்காக்களில் தரையில் வரைந்து, நடந்தால் சர்க்கரை போகும் என்கிறார்கள். நடந்தால் நல்லதுதான். அது எட்டின் மகிமையா, நடையின் மகிமையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது

தமிழ்நாட்டிலேயே கடினமான ‘டர்னிங்’ எது என்று கேட்டால், திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்புவதைச் சொல்வேன். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்கிறார்கள். காரில் முன்சக்கரம் தனியே திரும்பும். அந்த ஏற்பாட்டை ம்யூனிக் நகரத்து வண்டித் தச்சர் ஒருவர் கண்டுபிடிக்க, அவர் சார்பில் ஆக்கர்மன் என்பவர் 1818இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். இன்று வரை அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயர்தான், கண்டுபிடித்தவர் பெயர் அல்ல. தேரிலோ அச்சு அசையாது. சக்கரம் நேராக உருளும், அவ்வளவுதான்.

பிறகு எப்படித் திரும்புகிறது? உருண்டு திரும்புவதில்லை, சறுக்கித் திரும்புகிறது. முனையில் சக்கரத்தின் அடியில் இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் எண்ணெயோ கிரீஸோ தடவி, வடத்தைப் பக்கவாட்டில் இழுப்பார்கள். சக்கரம் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாறும். இடையிடையே முட்டுக்கட்டை. ‘எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறான்’ என்று ஒருவரைத் திட்டுகிறோமே, தேரடியில் அந்தக் கட்டையைப் போடுகிறவர்தான் கூட்டத்தின் உயிரைக் காப்பவர். சரியான நொடியில், சரியான சாய்வில், உருண்டுவரும் சக்கரத்துக்குக் கீழே அதைச் செருகப் பல வருடப் பழக்கம் வேண்டும். திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், முட்டுக்கட்டைக்காரருக்கு வேலை போகவில்லை.

பால் திரிஞ்சு போச்சு

திரும்பு, திருப்பு, திருகு, திருகாணி, மாவரைக்கும் திரிகை, முறுக்கிச் செய்த விளக்குத் திரி, ஊர் சுற்றித் திரிவது எல்லாம் ஒரு வேர்க் கூட்டம். சொல்லிலக்கணத்தில் தொல்காப்பியர் சொல்லும் திரிசொல்லும், புணர்ச்சியில் வரும் திரிதலும் இதே குடும்பம். இதில் ஓர் அதிசயம் பாலில் இருக்கிறது. ஆங்கிலக்காரன் வீட்டில் பால் கெட்டால் பால் ‘டர்ன்’ ஆகிவிட்டது என்கிறான். நம் வீட்டில் ‘திரிஞ்சு போச்சு’. ஒருவரைப் பார்த்து மற்றவர் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு மொழியுமே, நல்லது முகம் மாறுவதைத் திரும்புவதாகக் கண்டிருக்கின்றன.

விஷயம் இதுதான்: பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக்கும். அமிலம் ஒரு அளவைத் தாண்டினால், அதுவரை தனித்தனியே மிதந்த கேசின் புரதத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். காலையில் பார்த்தபோது நன்றாக இருந்த பால் அடுப்பில் வைத்ததும் திரிவதற்குக் காரணம், எல்லை ஏற்கெனவே நெருங்கியிருந்ததும் சூடு அதை முடித்துவைத்ததும். கடைக்காரரிடம் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால் ‘காலையிலயே காய்ச்சியிருக்கணும்மா’ என்பார். வேதியியல்படி அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

தட்டாமாலை

கைகளை விரித்துத் தட்டாமாலை சுற்றிய குழந்தை நின்றதும், வீடே சுற்றுகிறது என்று கத்தும். காதின் உட்புறம் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். நாம் சுற்றும்போது திரவமும் சுற்றும், நாம் நின்ற பின்னும் அது உடனே நிற்காது. கண் ‘நின்றாச்சு’ என்கிறது, காது ‘இன்னும் சுத்துறோம்’ என்கிறது. இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் ராபர்ட் பாராணிக்கு 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. டாக்டர் ‘மயக்கமா, தலைசுத்தலா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள். கண் இருட்டிக்கொண்டு வருவதும், சுவர் சுற்றுவதும் வேறுவேறு நோய்க்கு அடையாளம். சுவர் சுற்றுவதற்கு டாக்டர்கள் சொல்லும் ‘வெர்டிகோ’வும் வண்டியின் ‘ரிவர்ஸ்’ஸும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள். லேத்துக் குடும்பத்துக்கு அவர்கள் பக்கத்து வீடு.

சிக்னலில் நின்றாலும்

காட்டுப்பாக்கம் இருப்பது வடக்கு அட்சரேகை 13 டிகிரிக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் பூமியின் தற்சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டர். சிவப்பு விளக்கில் ஒரு நிமிடம் நின்றால், கிழக்கு நோக்கி 27 கிலோமீட்டர் போயிருப்பீர்கள். ஆபீஸுக்கு நேரமானதற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

திரும்பாத சிங்கப்பூர்

சிங்கப்பூரில் ‘யூ டர்ன் எடுக்கலாம்’ என்று பலகை இருக்கும் இடத்தில் மட்டும்தான் திரும்பலாம். பலகை இல்லாவிட்டால் கூடாது. வேறு பல நாடுகளில் நேர்மாறு, கூடாது என்று எழுதியிருந்தால்தான் கூடாது. கணினிக்குச் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை செய்து பேர் வாங்கிய சிங்கப்பூர்த் தொழிலதிபர் சிம் வோங் ஹூ, 1999இல் வெளியிட்ட புத்தகத்தில் இதையே ஒரு நோயாக்கி, ‘யூ டர்ன் இல்லா நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார். மேலிடம் சொல்லாத எதையும் செய்யத் தயங்கும் மனநிலை என்று அதற்கு விளக்கம். நம் ஊரில் அந்த நோய் ஒருவருக்கும் இல்லை. கூடாது என்ற பலகைக்குக் கீழேயே திரும்புகிறோம். 2018இல் சமந்தா நடித்து வந்த ‘யூ டர்ன்’ படத்தின் கதையே, திரும்ப வழியில்லாத மேம்பாலத்தில் நடுத்தடுப்புக் கல்லை நகர்த்தித் திரும்புகிறவர்களைப் பற்றியது. பேய் பிடித்தால்கூட அடங்குவார்களா என்று தெரியவில்லை.

சொடுக்கு

சேப்பாக்கத்தில் பந்து ‘டர்ன்’ ஆகும் என்பது ஊரறிந்தது. ‘கேரம் பால்’ என்று உலகம் சொல்வதைச் சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்கள் ‘சொடுக்கு பால்’ என்றார்கள். விரலைச் சொடுக்கித் தள்ளுவதால் அந்தப் பெயர். அஸ்வின் அதைக் கற்றது இந்தத் தெருக் கிரிக்கெட்டில்தான். 2008இல் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் அதே விரல் வித்தையால் இந்திய பேட்ஸ்மேன்களைத் திணறடித்தார். அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட்டோடு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார்.

இஞ்சின் திரும்ப வேண்டாம்

நீராவி இஞ்சின் காலத்தில் ரயில் கடைசி நிலையத்துக்குப் போனால் இஞ்சினை வட்ட மேடையில் ஏற்றி, ஆட்கள் தள்ளித் திருப்புவார்கள். 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்ததும் அந்தத் தலைவலி தீர்ந்தது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், வண்டி திரும்பாது, ஓட்டுநர்தான் பிளாட்பாரத்தில் நடந்து மறுமுனைக்குப் போவார். காட்டுப்பாக்கம் நிலையம் வழியாகக் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி பைபாஸ் மெட்ரோ தடத்துக்காக ஸ்ரீசிட்டியில் செய்த மூன்று பெட்டி வண்டிகளுக்கு அந்த நடையும் மிச்சம். ஓட்டுநர் இல்லாமல் ஓடும்படி கட்டியிருக்கிறார்கள்.

எந்தக் காட்டுப்பாக்கம்?

ஆடு, கோழி வளர்ப்புப் பயிற்சிக்கென்று ‘காட்டுப்பாக்கம்’ என மேப்பில் தட்டிவிட்டு, பூந்தமல்லி சாலையில் வந்து நிற்பவர்கள் உண்டு. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கும் காட்டுப்பாக்கம், பொத்தேரிக்குப் பக்கத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. சாலை வழியே முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வண்டலூர் வரை வெளிவட்டச் சாலை நேராகவே கொண்டுபோய் விடும். கிளம்பும் முன் பின்கோடைப் பார்த்துக்கொள்ளுங்கள். 600இல் தொடங்கினால் இந்தக் காட்டுப்பாக்கம், 603இல் தொடங்கினால் ஆட்டுப் பண்ணை.